மாதேஸ்வரி அக்காவின் இடது கை

விஜயதசமி அன்று, ஒரு வியாழக்கிழமை காலை, கோபி வேலைக்காக மஸ்கட்டுக்குப் புறப்பட்டார். ஓசூர் பேருந்து நிலையத்தில் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் பேருந்து நின்றுகொண்டிருந்தது. முந்தைய நாள் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று அதன் முகப்பில் வாடித் தொங்கியது. கோபியை ஏற்றிவிட இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அவருடைய மனைவி மாதேஸ்வரி. இன்னொருவர் என் பெரியப்பா மகன் ஹரீஷ்குமார் அண்ணன். எங்கள் நாற்றுப் பண்ணை வண்டியில் அவர்களைக் கூட்டிவந்திருந்தார். திரும்பும்போது அதே வண்டியில் என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முதுகுப்பையோடு நான் வந்து இறங்கியதும் அந்தக் காலையில்தான்.

அப்படித்தான் அந்தச் செம்புக் காப்பை முதன்முதலாகப் பார்த்தேன்.

பேருந்து நிலைய வாசலில் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் கோபி அதை வாங்கியிருந்தார். வளையமாக முழுதும் மூடாத காப்பு. இரண்டு முனையிலும் கறுப்பாக ஒரு காந்தம் பதித்திருக்கும். பிரஷருக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது என்று ஒலிபெருக்கியில் கூவி விற்பார்களே, அதுதான்.

"மாத்திர முழுங்கிட்டுத்தான இருக்கறன்? இது எதுக்கு தண்டத்துக்கு?" என்றார் மாதேஸ்வரி.

"மாத்திரய நீ மறந்துடுவ. இது கையிலயே கெடக்கும். நீட்டு."

"எந்தக் கைய?"

"வேல செய்யாத கைய."

"ரெண்டும்தான் வேல செய்யுது. உன்னாட்டமா?"

கோபி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மலைக்கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி நின்று, மனைவியின் இடது கையைப் பிடித்துக் காப்பை மாட்டினார். முனைகள் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்தி நெருக்கினார். "நான் வந்துதான் கழட்டுவன். அது வரிக்கும் கழட்டாத," என்றார்.

அவர் அதை எவ்வளவு நினைத்துச் சொன்னாரோ தெரியாது. மாதேஸ்வரி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை அவிழ்க்கமாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. பேருந்து மேம்பாலத்தில் ஏறி மறைந்த பிறகும் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். வண்டியில் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதான் ரேவதியா? உங்க பெரியப்பா சொன்னாரு, ஊர் ஊரா சுத்தற பொண்ணு வருதுன்னு. ஏதாச்சும் சாப்டியா கண்ணு?"

எங்கள் பண்ணை ராயக்கோட்டை சாலையில் இருக்கிறது. தக்காளி, கோஸ், குடைமிளகாய் என்று காய்கறி நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து விற்கிறோம். தட்டில் வரிசையாக இருக்கும் சின்னக் குழிகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போடுவது. மூன்றரை நான்கு வாரத்தில் நாற்று வயலுக்குப் போகத் தயாராகிவிடும். விவசாயிகள் முன்கூட்டியே போனில் பதிவு செய்வார்கள். ராயக்கோட்டையிலிருந்து தமிழில், ஆனேக்கல், மாலூரிலிருந்து கன்னடத்தில், குப்பத்திலிருந்து தெலுங்கில் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எடுப்பவர் மாதேஸ்வரி அக்கா.

அவர் பிறந்தது அஞ்செட்டிக்கு அப்பால், பேருந்து என்றைக்கு வரும் என்று யாரும் பந்தயம் கட்டாத ஒரு ஊரில். காட்டில் மாடு ஓட்டிய பிள்ளைகளோடு கன்னடம், பள்ளியில் தமிழ். பத்தாவதோடு படிப்பு நின்று ரோஜாப் பண்ணைக்குப் பூ வெட்ட வந்தபோது, பக்கத்து வரிசையில் நின்ற பெண்களெல்லாம் தெலுங்கு. பசுமைக்குடிலுக்குத் தண்ணீர்க் குழாய் போட வந்த கோபியைப் பார்த்ததும் அங்கேதான். "மொத நாளு என்னத் திட்டினாரு, குழாய மிதிச்சிட்டன்னு. நான் மூணு பாஷைலயும் திருப்பித் திட்டினன். அப்பறம் அவரு எந்தப் பாஷைலயும் திட்டறதில்ல," என்று சொல்லுவார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பண்ணைக்குத் தட்டு நிரப்ப வந்தார். மூன்று மொழி பேசுகிறவர் தட்டு நிரப்புவது வீண் என்று பெரியப்பாதான் அவரை போன் மேசைக்கு மாற்றினார்.

ஆனால் பண்ணையில் எல்லோரும் அவரைப் பெரிதாக நினைத்தது மொழிக்காக அல்ல, கைராசிக்காக. ஒரு பருவத்தில் முதல் தட்டுக்கு விதை போட வழக்கமாக வரும் ஊர்க்காரர் ஒருவர் வரமுடியாமல் போக, பெரியப்பா நாராயணப்பன் பக்கத்தில் நின்ற மாதேஸ்வரி அக்காவைப் போடச் சொல்லியிருக்கிறார். அந்தத் தடவை ஒரு குழிகூடப் பொய்க்கவில்லையாம். அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் முதல் தட்டு அவர் கையால்தான். விவசாயிகள்கூட, "எங்க பதிவ மாதேஸ்வரியம்மாவையே எழுதச் சொல்லுங்க" என்பார்கள். அக்கா இதற்கெல்லாம் பிடிகொடுக்கமாட்டார். "அந்த வருசம் நார்க்கழிவு நல்லா இருந்திருக்கும்," என்பார். ஆனால் முதல் தட்டு போடும் நாளில் தலைக்குக் குளித்து, பின்னலில் பூ வைத்து, புதுப்புடவையில் வருவார்.

தீபாவளி கழிந்தது. அலுவலக மடிக்கணினியின் திரையில், பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு தினமும் வந்து நின்றது. ஆயுத பூஜைக்கு அக்கா வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் மூடியில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஹரீஷ் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து மாற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்களுக்கு அழைப்புகள் கணினி வழியாகத்தான் வரும். முதல் அழைப்பு மாலூர் பக்கத்து விவசாயி ஒருவர். "ஹேளி அண்ணா, ஹேளி," என்று அக்கா கன்னடத்தில் அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார். அவர் தன் நிலத்தைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது. அழைப்பு அறுந்தது. அக்கா பதறி விசைகளைத் தட்ட, திரை விழித்துக்கொண்டு கடவுச்சொல் கேட்டது.

அன்றைக்கே இப்படிப் பலமுறை நடந்தது. வாரக் கடைசியில் மாலூர்க்காரர் பெரியப்பாவையே கூப்பிட்டுவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு அந்த அம்மாவுக்குத் தான் என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டாராம். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "நான் ஒருத்தர் மூஞ்சில அடிச்சாப்புல போன வெப்பனா கண்ணு? அவுரு பொண்ணுக்குக் கொழந்த பொறந்ததக்கூட எங்கிட்டதான் மொத சொன்னாரு."

சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் மடிக்கணினியை வைத்துத்தான் நான் பிழைத்தேன். அதனால் பழுது பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பவர் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனேன். இத்தனை நிமிடம் தொடாமல் இருந்தால் திரை அணையட்டும், இத்தனை நிமிடத்தில் கணினி தூங்கட்டும் என்று புதிய பதிப்பு தானாகவே வைத்திருந்தது. எல்லாவற்றையும் 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினேன். மின்சாரச் சிக்கன முறையை நிறுத்தினேன். உட்கார்ந்து அரை நாள் வேலை செய்து பார்த்தேன். ஒரு தடவைகூட அணையவில்லை. "சரியாயிடுச்சுக்கா," என்று எழுந்து இடம் கொடுத்தேன். அக்கா உட்கார்ந்து, குப்பத்துக்காரர் ஒருவரிடம் "செப்பண்ணா" என்று காதைக் கொடுத்தார். திரை இருண்டது.

மறுபடி நான் உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. ஹரீஷ் அண்ணன் உட்கார்ந்தார். நன்றாக இருந்தது. அக்கா உட்கார்ந்தால் போச்சு. டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பித்தேன், பேட்டரியைச் சோதித்தேன், சார்ஜரை மாற்றினேன். இணையத்தில் இதே புலம்பலோடு உலகமெங்கும் இருந்த ஆட்கள் சொன்ன வைத்தியங்களை ஒவ்வொன்றாகச் செய்தேன். அக்கா வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கவும் செய்தேன். ஆனால் நான் பார்த்தது திரையைத்தான்.

தண்ணீர் விடும் ஆஞ்சப்பன் அலுவலகத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டுவார். "ஏன் மாதேசு, உன் ஊட்டுக்காரரு போறப்ப கம்ப்யூட்டரு வெளிச்சத்தயும் பொட்டில வெச்சி எடுத்துனு போய்ட்டாரா?"

"ஆமா, உன் மூளைய மட்டும் வெச்சிட்டுப் போய்ட்டாரு. கனம் இல்லாததுக்கு எதுக்கு டிக்கெட்டுன்னு."

முதல் வாரம் இப்படிச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு குறைந்தது. தட்டு நிரப்பும் கொட்டகையில் வேறு மாதிரிப் பேச்சு எழுந்தது. வேறு யார் தொட்டாலும் ஒழுங்காக ஓடுகிற இயந்திரம் இவள் கை பட்டால் மட்டும் அணைகிறதே. புருஷன் போன நாளிலிருந்து அந்தக் கையின் ராசி போய்விட்டதோ? யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரைப் பிடித்தவர்கள்தான் பயந்துபோய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அதனாலேயே அது அக்காவின் காதுக்கு வேகமாகப் போனது.

ஹரீஷ் அண்ணனுக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அழைப்புகள் அறுவது அவருக்குப் பெரிய கவலை. கார்த்திகை தீபம் கழிந்த திங்கட்கிழமை அடுத்த பருவத்துக்கு முதல் தட்டு போடுவதாக இருந்தது. அதையொட்டிப் பதிவுகள் குவியும். கெலமங்கலத்தில் கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண்ணை விசாரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க தட்டுப் பக்கம் பாத்துக்குங்க. இது சரியானதும் பாக்கலாம்."

"சரி தம்பி," என்றார் அக்கா. பிறகு, "தட்டு நெரப்பறன். ஆனா மொதத் தட்டு இந்தத் தடவ வேற யாராச்சும் போடட்டும்," என்றார்.

அண்ணன் திடுக்கிட்டார். "அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

"பதிவு பண்ணவங்க இந்த நாத்த நம்பி இருக்கறாங்க தம்பி. வேணாம்."

அதன் பின்னால் இருந்ததை எனக்கு மட்டும் சொன்னார், மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில். கோபிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி தவறாமல் கூப்பிடுவார். கடைசி இரண்டு வெள்ளியும் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருகிறது. புது இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று முன்னால் சொன்னாராம். எந்த இடம் என்று சொல்லவில்லை.

"கையில ராசி போச்சின்னா போவட்டும் ரேவதி. அது என்ன பெரிய சொத்தா? ஆனா எதனால போச்சு? அங்க அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, இந்தக் கைக்குத்தான மொதல்ல தெரியும்? அவரு புடிச்சு காப்புப் போட்ட கை."

அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னதில் பலம் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கணினி ஏன் அவருக்கு மட்டும் அணைகிறது என்று என்னால் சொல்ல முடியாதவரை, கொட்டகையின் பேச்சுக்கு எதிராக என்னிடம் வைக்க ஒன்றும் இல்லை.

கெலமங்கலத்துப் பெண் வரும்வரை, என் அரைகுறைக் கன்னடத்தையும் தெலுங்கையும் வைத்துக்கொண்டு போனை நான் எடுப்பது என்று முடிவானது. சனிக்கிழமை அக்கா எனக்கு வேலையை ஒப்படைத்தார். யார் யார் எப்படிப்பட்டவர் என்று சொல்லிக்கொடுத்தார். "ஆனேக்கல் மாமா மொதல்ல மழையப் பத்தித்தான் பேசுவாரு, குறுக்க பேசாத. ராயக்கோட்டைலருந்து ஒரு சாந்தம்மா கூப்புடும், எப்பவும் சண்டயாத்தான் ஆரம்பிக்கும், கடைசில உன்ன ஊட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்புடும்." பேசிக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து தன் பொருள்களை எடுத்துப் பைக்குள் போட்டார். மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு, சீப்பு. இழுப்பறையை வேகமாக இழுத்ததில் குண்டூசி டப்பா கவிழ்ந்து ஊசியெல்லாம் தரையில் சிதறியது.

நான் பொறுக்கக் குனிந்தேன். "இரு இரு, குத்திக்குவ," என்ற அக்கா தரையில் உட்கார்ந்து, இடது கையைச் சிதறல் மேல் ஒரு தடவை ஓட்டினார். கோலம் போடுகிற கை மாதிரி வளைந்து போய் வந்தது. நிமிர்ந்தபோது ஊசிகள் கொத்தாகக் காப்பில் தொங்கின.

"பிரஷருக்கு ஆவுதோ இல்லியோ, ஊசிக்கு ஆவுது," என்று அவற்றை வழித்து டப்பாவில் போட்டார்.

எப்போதோ ஒரு மலையூர்த் தங்கும் விடுதியில், என் மடிக்கணினி மேல் ஒருவர் காந்தப் பட்டை வைத்த போன் உறையை வைத்ததும் திரை அணைந்துபோனது ஞாபகம் வந்தது.

"அக்கா, இந்த நாற்காலியில உக்காருங்க. யார்கிட்டயாவது பேசற மாதிரி இருங்க."

"எதுக்கு?"

"சும்மா. மாலூர் அண்ணன் பேசறாரு, நீங்க கேட்டுக்கிட்டிருக்கீங்க."

அக்கா என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வலது கை மவுஸுக்குப் போனது. கேட்கும்போது எப்போதும் செய்வது போல இடது மணிக்கட்டை மடிக்கணினியின் இடது ஓரத்தில் சாய்த்து வைத்தார். திரை இருண்டது.

"கைய எடுங்க."

எடுத்தார். திரை விழித்தது.

"திரும்ப வைங்க."

இருண்டது.

மூன்றாம் தடவை நான் சொல்லாமல் அவரே வைத்து எடுத்தார். பிறகு கையைச் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. அவர் பயந்ததை நானே கண்முன் நிரூபித்துக் காட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாகச் சொன்னேன்.

"உங்க கை இல்லக்கா, காப்பு! இதோட மூடிக்குள்ள ஒரு சின்னக் காந்தம் இருக்கும். மூடினா அந்தக் காந்தம் இந்த ஓரத்துக்குக் கிட்ட வரும். சரி, மூடிட்டாங்க, தூங்கலாம்னு இது தூங்கிடும். உங்க காப்புல இருக்கற காந்தத்தயும் மூடின்னு நெனச்சுக்குது."

அக்கா காப்பைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். "தீபாவளிக்கு முந்தியும் இது கையிலதான இருந்துச்சி? அப்ப நல்லாத்தான இருந்துச்சி?"

நியாயமான கேள்வி. நானும் அங்கேதான் இடறியிருந்தேன். ஹரீஷ் அண்ணனைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தட்டிக்கொண்டார். இந்த மடிக்கணினி முன்பு மூடியபடி மேசைக்குக் கீழே கிடந்தது. ஒரு பெரிய திரையை இணைத்து வேலை செய்துவந்தார்கள். மூடினாலும் தூங்காதே என்று அப்போது யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். மின்னலில் பெரிய திரை போய்விட்டது, அந்த மாற்றம் மட்டும் உள்ளே அப்படியே இருந்தது. புதிய பதிப்பு வந்ததும் அதைப் பழையபடி 'மூடினால் தூங்கு' என்று திருப்பிவிட்டது.

ஆனாலும் அண்ணனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "ஒரு காப்புக்கா இவ்ளோ நாளா?" என்றார்.

"உங்க போன அந்த மூலையில வைங்கண்ணா."

அவருடைய போன் உறை காந்தத்தால் மூடிக்கொள்ளும் வகை. வைத்தார். திரை இருண்டது.

ஜன்னலில் எப்போது வந்து நின்றாரோ, ஆஞ்சப்பனின் குரல் கேட்டது. "அய்யய்யோ, சின்னவரு கைராசியும் போச்சு! ஏ புள்ளைங்களா, வந்து பாருங்க, சின்னவருக்கு இனிமே தட்டு நெரப்பற வேலதான்!"

கொட்டகையிலிருந்து பெண்கள் நார்க்கழிவுக் கையோடு ஓடிவந்தார்கள். அண்ணன் நல்லவர், அவர்களுக்காக இன்னும் இரண்டு தடவை போனை வைத்து எடுத்துக் காட்டினார். ஒருத்தி தன் தோட்டைக் கழற்றி வைத்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொருத்தி, சென்னம்மா, தன் வெறுங்கையை அந்த ஓரத்தில் வைத்துவிட்டு, "எனக்கு ராசி இருக்குதுடி!" என்று கத்தினாள். அறை முழுக்கச் சிரிப்பு.

மாதேஸ்வரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்தக் கையில ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லக்கா."

"அவருக்கும்?"

"அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா இந்தக் கணினிக்கும் தெரியாது. அது மூடியப் பாத்துத் தூங்கிச்சு, அவ்ளோதான்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டை மூடிக்கொண்டது. "இதக் கழட்டச் சொல்லுவியா?"

கழற்றினால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும். ஹரீஷ் அண்ணனும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "வேணாம்க்கா. அத கழட்ட வேண்டியவரு வந்து கழட்டட்டும். நாம கணினிக்குச் சொல்லிப் புரியவெப்போம்."

புதிய பதிப்பில் பழைய பக்கங்களை எங்கெங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள். தேடி, மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தைப் பிடித்தேன். பேட்டரியில் ஓடும்போது ஒன்று, மின்சாரத்தில் ஓடும்போது ஒன்று என இரண்டு கட்டங்கள். இரண்டிலும் 'ஒன்றும் செய்யாதே' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன்.

"இப்ப வைங்க."

அக்கா காப்புக் கையை இடது ஓரத்தில் வைத்தார். திரை அப்படியே இருந்தது. கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார், ஜுரம் பார்ப்பவர் நெற்றியில் கை வைத்திருப்பது போல. பிறகு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டி, மாலூர்க்காரரின் எண்ணைத் தேடினார். கன்னடத்தில் அவர் பேசியது முழுதும் எனக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டதும், பிறகு குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று கேட்டதும் புரிந்தது. அந்த மனிதர் நெடுநேரம் பேசினார். அழைப்பு அறுபடவில்லை.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் மிச்சமிருந்தது. மூடினாலும் இனி அது தூங்காது. மத்தியானம் சாப்பிடப் போகும்போதும் சாயங்காலம் கிளம்பும்போதும் கையால்தான் தூங்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்வெட்டில் பேட்டரி தீர்ந்துபோகும். எங்கே தட்டுவது என்று காட்டினேன். அக்கா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அதைத் தட்டிவிட்டு, திரை அணைகிறதா என்று குனிந்து பார்த்து, "தூங்கு, நாளைக்கு வர்றன்," என்று சொல்லித்தான் மூடுவார்.

திங்கட்கிழமை தலைக்குக் குளித்துப் பூ வைத்து வந்தார். பெரியப்பா சூடம் காட்டினார். அக்கா முதல் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தக்காளி விதையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனார். பாதித் தட்டில் கை நின்றது. அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொண்டார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பிறகு மறுபடி கை நகர்ந்தது.

அந்தத் தட்டு முளைத்துப் பச்சை கட்டிய வாரத்தில் கோபி கூப்பிட்டார். பாலைவனத்துக்குள் குழாய் பதிக்கும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்; அங்கே சிக்னல் கிடையாது; வேறொருவரின் போனிலிருந்து பேசினார். அக்கா நாற்றுகளுக்கு நடுவில் நின்றபடி முதலில் அழுதார், பிறகு திட்டினார், பிறகு கணினிக் கதையைச் சொன்னார். ஸ்பீக்கரில் கோபியின் சிரிப்பு எனக்கே கேட்டது.

"அப்ப கழட்டிடு புள்ள. அதான் வேலைக்கு எடஞ்சலா இருக்குதே."

"எடஞ்சலெல்லாம் ரேவதி சரி பண்ணிட்டா. நீ வந்து கழட்டு."

பங்குனியில் நான் மறுபடி கிளம்பினேன். ஓரிடத்தில் நிலைக்க எனக்கு இன்னும் பழகவில்லை. அக்கா பேருந்து நிலையம்வரை வந்தார். "உனக்கும் ஒரு காப்பு வாங்கிப் போட்டாத்தான் ஒரு எடத்துல இருப்பியாட்டம் இருக்குது," என்றார். நல்லவேளையாகத் தள்ளுவண்டிக்காரர் அன்று இல்லை.

அதற்குப் பிறகு பல ஊர்கள் போய்விட்டன. அக்காவிடமிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் வரும். வேறு பேச்சு இல்லை. போன வாரம் அசாமில் ஒரு படகுத்துறையில் காத்திருந்தபோது போன் அதிர்ந்தது. அவர்தான். முதலில் ஒரு புகைப்படம்: ஒரு இடது கை, மேசை மேல். மணிக்கட்டைச் சுற்றிச் செம்பு விட்டுப்போன மங்கலான பச்சைத் தடம். காப்பு இல்லை. ஓரத்தில், பாதி மட்டும் தெரியும்படி, இன்னொருவரின் கை. வெயிலில் நன்றாகக் கறுத்த ஆண் கை.

அதற்குக் கீழே எழுதியிருந்தார்:

"ரேவதி கண்ணு, நேத்து காலைல கழட்டியாச்சு. இனிமே மூடினா கம்ப்யூட்டரு தூங்கட்டும். அத மாத்தற எடம் எங்க இருக்குதுன்னு சொல்லு."